படத்துக்கு வெளியே நிற்கும் கால்கள்

கவிதைப் பக்கம்: வாசகர் கேள்வி – பதில்

உழைப்பவர்களின் முகப்படங்களை வைத்துக் கவிதை எழுதுவது பற்றி மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இருந்து வந்த கேள்விகளுக்கு இந்த முறை பதில் சொல்கிறோம்.

வாவிக்கரையில் வலை பொத்திக்கொண்டிருக்கும் ஒரு முதியவரின் படத்தைப் பார்த்து எழுதினேன். "வியர்வை முத்துகள் / வெயிலில் ஜொலிக்க / ரேகை தேய்ந்த கைகளில் / ஓர் ஏழையின் வரலாறு" என்று வந்தது. வேறு படங்களை எடுத்தாலும் இதே வரிகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. படத்தையும் இணைத்திருக்கிறேன். என்ன செய்யலாம்?
– வாசகி, களுவாஞ்சிகுடி

அந்த நாலு வரியையும் எடுத்து ஒரு மேசனின் படத்துக்குக் கீழே வைத்துப் பாருங்கள், பொருந்தும். கொழுந்து பறிக்கும் பெண்ணின் படத்துக்கும் பொருந்தும். எல்லாப் படத்துக்கும் பொருந்துகிற வரி எந்தப் படத்தையும் பார்க்காத வரி. வியர்வை, ரேகை, வறுமை மூன்றும் படத்தைக் கையில் எடுக்க முன்னரே நம் நாக்கில் தயாராக இருப்பவை. அவற்றைத் தடுக்க ஒரே வழி, எழுதுவதைத் தள்ளிப்போட்டு அதிக நேரம் பார்ப்பது.

முதலில் படத்தை ஏ4 அளவிலாவது அச்செடுங்கள். போன் திரையில் பார்த்தால் கண் முகத்தைத் தாண்டாது. அச்செடுத்ததும் முகத்தை ஒரு கடதாசித் துண்டால் மூடிவிடுங்கள். முகம் நம்மை உடனே இரக்கத்துக்குள் இழுக்கும், இரக்கம் வந்துவிட்டால் பார்ப்பது நின்றுவிடும். பத்து நிமிடம் மற்றவற்றை மட்டும் பாருங்கள். எந்த விரல் எதைப் பிடித்திருக்கிறது, உடம்பின் பாரம் எந்தப் பக்கம், நிழல் எங்கே விழுகிறது, தரையில் என்ன கிடக்கிறது. கண்டதைக் கொப்பியில் பெயர்ச்சொல்லாகவும் வினைச்சொல்லாகவும் மட்டும் குறியுங்கள். இந்தக் கட்டத்தில் உவமை வேண்டாம், "தளர்ந்த", "பாவப்பட்ட" போன்ற அடைமொழியும் வேண்டாம். முப்பது குறிப்பு சேரும்வரை எழுந்திருக்கக் கூடாது. முதல் பத்து எல்லோருக்கும் தெரிகிறவையாக இருக்கும். இருபதுக்குப் பிறகு வருபவைதான் கவிதைக்கு உதவும். மறுகா முகத்தைத் திறவுங்கள்.

உங்கள் படத்தையே எடுப்போம். முதியவர் வலையின் ஒரு நுனியை வலது காலின் பெருவிரலில் மாட்டி, காலை நீட்டி, வலையை விறைப்பாக வைத்திருக்கிறார். கால் இங்கே ஒரு கருவியாக வேலை செய்கிறது. இடக்கை விரலிடுக்கில் வலையின் கண்கள் வரிசையாகத் தொங்குகின்றன. வலக்கையில் நூல் சுற்றிய ஊசி. இடப்பக்கம், சாரத்தின் ஓரத்தில், சின்ன நூல் துணுக்குகள் சிதறிக் கிடக்கின்றன.

அந்தத் துணுக்குகளில் நில்லுங்கள். வலை பொத்துகிற யாரிடமும் கேட்டால் காரணம் சொல்வார். கிழிசலை அப்படியே தைக்க முடியாது. பிய்ந்த ஓரத்திலுள்ள அரைகுறைக் கண்களை முதலில் வெட்டி எடுத்து, கிழிசலை இன்னும் பெரிதாக்கி, ஓரம் ஒழுங்கான பிறகுதான் முதல் முடிச்சு விழும். வெட்டாமல் இழுத்துக் கட்டினால் கண்ணளவு கோணலாகி, பாரம் ஒரே இடத்தில் விழுந்து, அடுத்த வீச்சில் அதே இடம் திரும்பவும் கிழியும். திருத்துவதற்காகப் பெரிதாக்கப்படும் கிழிசல்! வியர்வை முத்தை விட்டுவிட்டு இதை எழுதுங்கள். பாருங்கள்:

பெருவிரலில் வலையை மாட்டிக்
காலை நீட்டியிருக்கிறார்.
கிழிந்த இடம் ஒரு கையகலம்.
அதை முதலில்
இரு கையகலமாக வெட்டுகிறார்.

இதில் உவமை ஒன்றுகூட இல்லை. "ஏழை" என்ற சொல்லும் இல்லை. ஆனால் இதை மேசனின் படத்துக்குக் கீழே வைக்க முடியாது. மிச்சத்தை நீங்களே எழுத வேண்டும். ஒரு வேண்டுகோள் மட்டும்: வாவி வந்துவிட்டது என்பதற்காக, மட்டக்களப்பு வாவி என்றதும் எல்லோரும் சொல்லும் பாடும் மீனைக் கூப்பிட்டுவிடாதீர்கள். அந்த மனிதர் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பது முடிச்சை.

கைத்தறி நெய்யும் ஒரு பெண்ணின் படம் என்னிடம் இருக்கிறது. தொழிற்சொற்களை எவ்வளவு போடலாம்? எங்கள் ஊரில் எல்லோருக்கும் புரியும், வெளியூர் வாசகருக்குப் புரியாதே.
– வாசகர், மருதமுனை

இருபது வரிக் கவிதைக்கு இரண்டு அல்லது மூன்று தொழிற்சொல் போதும். அதற்கு மேல் போனால் கவிதை சாமான் பட்டியல் ஆகிவிடும். அந்த இரண்டு மூன்றுக்கும் அடிக்குறிப்பு எழுதாதீர்கள். சொல்லுக்குப் பக்கத்தில் சரியான வினையை வைத்தால் வாசகர் விளங்கிக்கொள்வார். "நாடா" என்று தனியே விட்டால் வெளியூர்க்காரர் ரிபன் என்றுதான் நினைப்பார். "இடமிருந்து வலம் ஓடிப் பாவுக்குள் நூலை விட்டுவிட்டுத் திரும்பி வரும் நாடா" என்றால் தறியையே காணாதவருக்கும் அது ஓடுகிறது.

நெசவுப் படத்தில் நாங்கள் அடிக்கடி காணும் பிழை இன்னொன்று. முகப்படம் இடுப்போடு வெட்டப்படுகிறது. முகமும் கையும் வருகின்றன, கால் வருவதில்லை. ஆனால் தறியில் பாதி வேலை காலுடையது. மிதியை மாற்றி மிதித்தால்தான், நீளவாக்கில் கட்டிய பாவு நூல் இரண்டாகப் பிரிந்து நாடா ஓட வழி திறக்கும். குழித்தறி என்றால் கால்கள் தரைக்குக் கீழே, குழிக்குள் இருக்கும். கெமராவை எப்படித் திருப்பினாலும் அவை படத்தில் விழா.

கவிதைக்கு இடம் அங்கேதான் இருக்கிறது. படம் காட்டியதைத் திரும்பச் சொல்லும் கவிதையைப் பக்கத்திலுள்ள படமே தோற்கடித்துவிடும். படத்தால் ஐந்து விடயங்களைத் தர முடியாது: சத்தம், மணம், பாரம், முன்னும் பின்னும் கழிந்த நேரம், சட்டத்துக்கு வெளியே நிற்பது. உங்கள் கவிதையில் இந்த ஐந்தில் குறைந்தது இரண்டு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அது படவிளக்கம். காலை வைத்துத் தொடங்குங்கள். இடது மிதி, வலது மிதி என்ற அந்த மாறலே உங்கள் வரிகளின் நீளத்தையும் தீர்மானிக்கட்டும்: ஒரு நெடுவரி, ஒரு குறுவரி.

படத்தையும் நானே போனில் எடுக்கிறேன். வயலில் எடுத்தால் முகம் கறுத்துவிடுகிறது, கிட்டப் போனால் மூக்குப் பெருக்கிறது. எழுத உதவுகிற மாதிரிப் படம் எடுப்பது எப்படி?
– வாசகர், சம்மாந்துறை

முகம் கறுப்பதற்குக் காரணம் பின்னால் இருக்கும் வெளிச்சம். வானமும் தண்ணி நிற்கும் வரவையும் பளிச்சென்று இருக்க, கெமரா அந்த வெளிச்சத்துக்கு ஏற்றபடி தன்னைக் குறைத்துக்கொள்ளும். திரையில் முகத்தைத் தொட்டு, சூரியக் குறியை ஒள்ளுப்பம் மேலே இழுத்துவிடுங்கள். அதைவிட நல்லது அவரைத் திருப்பி நிறுத்துவது: பின்னால் மரநிழலோ வாடியின் வாசலோ வரட்டும். காலை எட்டரைக்கு முன், பின்னேரம் நாலுக்குப் பின் எடுங்கள். உச்சி வெயிலில் தொப்பியின் நிழல் கண்ணை முழுக்க மூடிவிடும்.

மூக்குப் பெருப்பது கிட்டப் போவதால் வருவது. ஒன்றரை முதல் இரண்டு மீற்றர் தள்ளி நின்று, போனில் இரண்டு மடங்கு வில்லை இருந்தால் அதில் எடுங்கள். இல்லாவிட்டால் தள்ளி நின்று எடுத்து, பிறகு ஓரத்தை வெட்டுங்கள்.

இரண்டு வசதிகளைக் கட்டாயம் நிறுத்திவையுங்கள். ஒன்று, பின்புலத்தை மங்கலாக்கும் வசதி. அதற்கு மெல்லிய பொருள்கள் பிடிபடா. வலை நூல், வைக்கோல், கதிர் வெட்டும் தாக்கத்தியின் நுனி எல்லாம் பின்புலத்தோடு சேர்ந்து அழிந்துபோகும். எழுத்துக்கு வேண்டியதே அவைதான். மற்றது முகத்தை வழவழப்பாக்கும் அழகூட்டி. சில போன்களில் அது சொல்லாமலே இயங்கிக்கொண்டிருக்கும், அமைப்புக்குள் போய்ப் பாருங்கள்.

ஓர் ஆளுக்குக் குறைந்தது மூன்று படம் வேண்டும்: முகம், கருவி பிடித்த கை, வேலை நடக்கும் இடம் முழுவதும். வேளாண்மை வெட்டுகிறவர் என்றால் நாலாவதாக ஒன்றும் எடுங்கள்: வெட்டி வைத்த உப்பட்டியின் வரிசை. தாக்கத்தி தன்னை நோக்கி இழுபடும் கருவி. கதிரைப் பிடித்திருக்கும் இடக்கையில், சுண்டுவிரல் பக்கம், பழைய வெட்டுக்காயங்கள் இருக்கக்கூடும். முகத்தை மட்டும் எடுத்தால் அவை வராது. ஆனால் இன்னொன்றும் உண்டு. நம் மாவட்டங்களில் ஒரு கையில் விரல் இல்லையென்றால் காரணம் தாக்கத்தியாக இருக்கலாம், யுத்தமாகவும் இருக்கலாம். ஊகித்து எழுதவே கூடாது. கேளுங்கள். சொல்ல விரும்பவில்லை என்றால் கவிதையிலும் அதை விட்டுவிடுங்கள்.

படம் எடுத்து முடிந்ததும் போனைப் பைக்குள் வைத்துவிட்டுப் பத்து நிமிடம் கதையுங்கள். "கஷ்டமா?" என்று கேட்டால் "கஷ்டம்தான்" என்ற பதில்தான் வரும். இப்படிக் கேளுங்கள்: இந்தப் பிடியை யார் போட்டது? ஒரு நாளைக்கு எத்தனை தரம் தீட்டுவீர்கள்? எந்த நேரத்தில் முதுகு பிடிக்கும்? மெசின் இறங்க முடியாத வயல் எது, ஏன்? சொன்ன சொல்லைச் சொன்னபடியே, அன்றைக்கே எழுதிவையுங்கள். அடுத்த நாள் எழுதினால் அவருடைய சொல் போய் உங்கள் சொல் வந்திருக்கும்.

அரிசி ஆலையில் மூடை தூக்கும் ஒருவரைப் பற்றி எழுதிப் படத்தோடு முகநூலில் போட்டேன். அவருடைய மகன் கோபித்துக்கொண்டார். நான் உயர்வாகத்தான் எழுதியிருந்தேன். பெயர் போட்டது பிழையா?
– வாசகர், அக்கரைப்பற்று

பெயர் போட்டதில் பிழையில்லை, கேட்காமல் போட்டதுதான் பிழை. கவிதையை அனுப்பியிருக்கிறீர்கள். அதில் "பசியின் முதுகு" என்று ஒரு வரி இருக்கிறது. உங்களுக்கு அது உருவகம். அந்தப் பிள்ளைக்கு, தன் வீட்டில் சோறு இல்லை என்று ஊருக்குச் சொன்ன வரி. அவர் கோபப்பட்டது நியாயம். போய் வருத்தம் சொல்லுங்கள், பதிவை எடுத்துவிடுங்கள்.

இனிமேல் மூன்று தரம் கேட்க வேண்டும். படம் எடுக்கமுன் ஒரு தரம். வெளியிடமுன், எங்கே வெளிவரும் என்று சொல்லி, ஒரு தரம். கவிதை முடிந்ததும் அவருக்கு வாசித்துக்காட்டி ஒரு தரம். மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். எழுத்துக்கும் அதனால்தான் அதிகம் நன்மை. மூடையைத் தோளில் ஏற்றுவதா, பிடரியில் ஏற்றுவதா, கொக்கியை எந்தக் கையில் பிடிப்பது என்பதில் பிழை இருந்தால் அந்த இடத்திலேயே திருத்துவார். அவர் முகம் சுருங்குகிற வரி எது என்பதும் தெரிந்துவிடும்.

பெயர் பற்றி ஒரு பழைய விவாதம் உண்டு. ஜேர்மனியைச் சேர்ந்த ஆகஸ்ட் சாண்டர் தன் காலத்து மனிதர்களைத் தொழில்வாரியாகப் படம் எடுத்தவர். 1928இல் அவர் எடுத்த படமொன்றில் ஒரு கட்டடக் கூலியாள், தோளுக்குக் குறுக்கே பலகை வைத்து அதன்மேல் செங்கல் அடுக்கிக்கொண்டு நம்மை நேரே பார்க்கிறார். தலைப்பில் தொழில்தான் இருக்கிறது, பெயர் இல்லை. அமெரிக்கரான இர்விங் பென் 1950–51இல் பாரிஸ், லண்டன், நியூயோர்க் நகரங்களில் தொழிலாளர்களை வேலை உடுப்போடும் கருவியோடும் ஸ்ரூடியோவுக்கு அழைத்து, வெறும் திரைக்கு முன் நிறுத்தி, இயற்கை வெளிச்சத்தில் எடுத்தார். இரண்டும் பெரிய வேலைகள். ஆனால் அந்தச் செங்கல் சுமந்தவரை இன்றைக்கும் உலகம் "கூலியாள்" என்றுதான் அழைக்கிறது. நம் ஊரில் அந்தக் குறை வரவேண்டியதில்லை, ஆள் அடுத்த தெருவில் இருக்கிறார். பெயர் போடவா, தொழில் மட்டும் போதுமா என்பதை அவரே முடிவு செய்யட்டும்.

இன்னொருவர் எடுத்த படமானால் எடுத்தவரிடமும் அனுமதி வேண்டும். பார்த்து எழுத யாரையும் கேட்கத் தேவையில்லை. படத்தைக் கவிதையோடு அச்சிடுவதோ பதிவிடுவதோ வேறு விடயம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் புகைப்படத்துக்கும் பாதுகாப்புக் கொடுக்கிறது.

எங்கள் பக்கத்து நாட்டார் கவியின் நாலடி வடிவத்தில் படக்கவிதை எழுதலாமா? பழசாகத் தெரியுமா?
– வாசகி, நிந்தவூர்

எழுதலாம். இந்த வேலைக்கு அது நன்றாகப் பொருந்துகிற வடிவம் என்பது எங்கள் எண்ணம். கவியில் பெரும்பாலும் முதல் இரண்டடி கண்ணால் காண்கிற ஒன்றைக் காட்டும். அடுத்த இரண்டடி மனத்தில் இருப்பதைச் சொல்லும். படத்திலிருந்து எழுதும் கவிதைக்கு வேண்டிய அமைப்பும் அதுதான். அத்தோடு கவி யாரையோ கூப்பிட்டுச் சொல்லும்: மச்சான், மச்சி, தம்பி, ராசாத்தி. "அவர்", "அவள்" என்று தூர நின்று விவரிக்கும் வழக்கத்தை அந்தக் கூப்பிடுதல் உடைத்துவிடுகிறது. மேலே சொன்ன வலைப் படத்தையே வீட்டுக்காரி பேசுவதாக வைத்தால்:

கிழிஞ்ச வலையெடுத்துக்
கிழிசலின்னும் வெட்டுறியள்,
ஒழிஞ்சிருந்த கண்ணையெல்லாம்
ஒண்டொண்டாக் கட்டவோ மச்சான்?

கிழிஞ்ச – ஒழிஞ்சிருந்த என்ற எதுகை போதும், அடிதோறும் தேடவேண்டாம். எதுகைக்காகக் கருவியின் பெயரை மாற்றுவதுதான் பெரிய பிழை. தாக்கத்தி ஓசைக்கு இடிக்கிறது என்று "அரிவாள்" என்று போட்டால் ஊர் போய்விடும். ஓசையை மாற்றுங்கள், பெயரை விடாதீர்கள். முடிந்ததும் வாய்விட்டுப் பாடிப்பாருங்கள். மூச்சு முட்டுகிற இடத்தில் ஒரு சொல் கூடியிருக்கும்.

பாடசாலையில் ஆண்டு 10 மாணவர்களோடு படமும் கவிதையுமாக ஒரு சிறு கண்காட்சி வைக்க விரும்புகிறேன். நடைமுறை ஆலோசனை தரமுடியுமா?
– ஆசிரியை, திருக்கோவில்

மூன்று பாடவேளை வேண்டும். முதலாவதில் முகம் மூடிய படமும் முப்பது குறிப்பும். இரண்டாவதற்கு முன் ஒவ்வொரு பிள்ளையும் அந்தத் தொழில் செய்யும் ஒருவரிடம் ஐந்து கேள்வி கேட்டு வரட்டும். பெரும்பாலும் வீட்டிலேயே ஒருவர் இருப்பார். தன் தகப்பனின் படத்தை வைக்க விரும்பாத பிள்ளையை வற்புறுத்த வேண்டாம். மூன்றாவதில் எழுதி, ஒருவருடையதை மற்றவர் வாசித்து, எந்தப் படத்துக்கும் பொருந்தும் வரிகளை வெட்டுங்கள்.

சுவரில் 12 முதல் 16 வரிக்கு மேல் யாரும் நின்று வாசிக்கமாட்டார்கள். எழுத்து 24 புள்ளி அளவு இருக்கட்டும். படத்தின் நடு, தரையிலிருந்து ஏறத்தாழ 150 சென்ரிமீற்றர் உயரத்தில் வரவேண்டும், சின்னப் பிள்ளைகள் அதிகம் பார்ப்பார்கள் என்றால் 130. கவிதையைப் படத்தின்மேல் அச்சடிக்காதீர்கள். எழுத்தும் வாசிக்க முடியாது, கையும் கருவியும் மறைந்துபோகும். வலப்பக்கத்திலோ கீழேயோ தனித் தாளில் வையுங்கள். பளபளக்கும் தாளில் மண்டபத்து லைற் தெறிக்கும், மங்கல் தாள் கேளுங்கள்.

அச்சகத்துக்குக் கொடுக்கும்போது ஒரு கவனம். பாமினியில் தட்டச்சு செய்ததை, அந்த எழுத்துரு இல்லாத கம்பியூட்டரில் திறந்தால் தமிழ் முழுதும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். யுனிகோட்டில் தட்டி, பீடிஎஃப் ஆக்கிக் கொடுங்கள். ஒரு தாளை மட்டும் முதலில் அச்சடித்து, கொம்பும் சுழியும் சரியா என்று பார்த்த பிறகு மற்றவற்றுக்குச் சொல்லுங்கள்.

என் அப்பப்பா இரும்புக் கொல்லர். அவருடைய ஒரே படம் ஸ்ரூடியோவில் எடுத்தது. வெள்ளைச் சட்டை, எண்ணெய் வைத்து வாரிய தலை. உலையும் இல்லை, சம்மட்டியும் இல்லை. இதிலிருந்து எப்படி எழுதுவது? படம் சட்டகத்துக் கண்ணாடியோடு ஒட்டியும் விட்டது.
– வாசகர், ஆரையம்பதி

முதலில் படத்தைக் காப்பாற்றுவோம். ஈரப்பதத்தால் படத்தின் மேற்பூச்சு இளகிக் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறது. பிடித்து இழுத்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். வெந்நீரிலும் போடாதீர்கள். கண்ணாடியோடு சேர்த்தே 600 டிபிஐ அளவில் ஸ்கான் செய்யுங்கள். கண்ணாடி தடித்து ஸ்கானரில் தெளிவு வராவிட்டால் சுவரில் நேராகச் சாய்த்து, பக்கவாட்டு யன்னல் வெளிச்சத்தில், கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு படம் எடுங்கள். வெள்ளைச் சட்டை கண்ணாடியில் தெறிக்கும். சட்டகத்தின் பின் அட்டையைக் கழற்ற முடிந்தால் மட்டும் படத்தின் பின்பக்கத்தைப் பாருங்கள். ஸ்ரூடியோ முத்திரையோ திகதியோ இருக்கலாம்.

இனி கவிதை. தொழிலை மறைத்துக்கொண்டு நிற்கும் படம் இது. மறைக்க முடியாமல் எது மிஞ்சியிருக்கிறது என்று தேடுங்கள். ஸ்கான் செய்ததைக் கைகளில் பெரிதாக்குங்கள். சம்மட்டி அடித்த கையின் மணிக்கட்டு மற்றதைவிடத் தடித்திருக்கலாம். தீப்பொறி தெறித்த புள்ளிகள் முன்னங்கையில் இருக்கலாம். விரல்கள் எதையும் பிடிக்காமல் எப்படி நிற்கின்றன, விரிந்தா, மடங்கியா? துருத்தியும் உலையும் பட்டடையும் படத்தில் இல்லாததால் அவற்றை இழுத்து உள்ளே வைக்காதீர்கள். படத்தில் அவருக்குப் பின்னால் என்ன திரை தொங்குகிறது, காலில் செருப்பு இருக்கிறதா என்பதை எழுதுங்கள். சட்டைக் கை மணிக்கட்டைத் தாண்டி நீண்டிருந்தால் அதையும் எழுதுங்கள், அது யாருடைய சட்டை என்று வீட்டில் மூத்தவர்களிடம் கேட்டுவிட்டு.